பன்னீர் திராட்சை கெடவில்லை

அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில் அந்த வெள்ளை அறை நின்றது. ஒரு லாரி அளவுதான் இருக்கும். கூரை முழுக்க சோலார் பேனல். பகல் வெயிலில் உள்ளே உள்ள தொட்டித் தண்ணீரை ஐஸாக உறைய வைத்துக்கொள்ளும். வெயில் இறங்கிய பிறகு அந்த ஐஸே அறையைக் குளிராக வைத்திருக்கும். ஊர்ப் பெண் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, அலைந்து திரிந்து மானியத்தில் வாங்கியது. குழுவின் தலைவி அன்னத்தாய்.

வாங்கிய நாளிலிருந்து குழுப் பெண்களின் கீரையும் முள்ளங்கியும்தான் அதில் ஏறின. திராட்சைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. காலையில் வெட்டி, மதியம் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் குமுளி மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பன்னீர் திராட்சை வெட்டி வைத்தால் தாங்காது, மணி மணியாக உதிரும். வியாபாரிக்கும் அது தெரியும். அதனால் அவர் சொன்னதுதான் விலை.

"குளுந்து போன பழத்தை எவன் வாங்குவான்? பொம்பளைகளுக்கு வேற சோலி இல்ல" என்று டீக்கடையில் சொன்னவர் சுருளி. ஊரிலேயே பெரிய பந்தல் அவருடையது. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அன்னத்தாயின் கணவன் முத்துப்பாண்டிகூட, "அவுக சொல்லுறதும் நெசந்தான" என்று வீட்டில் வந்து முனகினான்.

ஆடி மாதம். மலையில் இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. அது தெரியாமல் காலையில் அன்னத்தாய் வீடு உட்பட ஊரே திராட்சை வெட்டியது. டிரேக்களை அடுக்கி முடித்த நேரத்தில் லாரி டிரைவர் போன் செய்தார். குமுளிப் பாதையில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. கேரளாவுக்குப் போகும் இன்னொரு பாதையான கம்பம்மெட்டு வழியிலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மதுரைக்கு அனுப்பலாமா என்று கேட்டால், அங்கே ஏற்கெனவே சரக்கு தேங்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள்.

மதியத்துக்கு மேல் சுருளியே அந்த வெள்ளை அறையின் முன்னால் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள்.

"அன்னத்தாயி, எல்லாத்தையும் உள்ள ஏத்திருவம். கதவைத் தொற."

"இப்ப ஏத்த முடியாதுண்ணே."

"ஏன்? அன்னைக்கு நான் பேசுனதை மனசுல வச்சிருக்கியா?"

"அதெல்லாம் இல்ல. பழம் சூடா இருக்கு. இம்புட்டுச் சூட்டையும் ஒரே நேரத்துல உள்ள விட்டா ஐஸ் பூராம் கரைஞ்சு போகும். உங்க பழமும் போகும், எல்லார் பழமும் போகும். முதல்ல பந்தல் நெழலுக்குக் கொண்டு போங்க. அங்கன ஆற வச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்துவம்."

சுருளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழுப் பெண்கள் டிரேக்களைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தலைச் சுற்றி ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பழத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. பள்ளத்தாக்கின் ஆடிக்காற்று அந்தச் சாக்குகளுக்குள் புகுந்து குளிர்ந்து வந்தது. அழுகல் தெரிந்த கொத்துகளைக் கழித்தார்கள். பொழுது இறங்கியதும் ஒவ்வொரு வீட்டுச் சரக்காக உள்ளே போனது. கடைசி டிரே ஏறியபோது அறையில் நிற்க இடமில்லை.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. அதற்கு அடுத்த நாளும் வெயில் தலைகாட்டவில்லை. கதவுக்கு வெளியே இருந்த சின்ன மீட்டரில் சூடு மெல்ல மெல்ல ஏறியது. தேனியில் இருந்த டெக்னீசியன் பவானியிடம் அன்னத்தாய் போனில் கேட்டாள்.

"கதவைத் தொறக்காம இருந்தா தாங்கும்க்கா. பேனலைச் சுத்தமா வச்சுக்குங்க. மேகத்துக்குள்ள வர்ற வெளிச்சத்துலயும் கொஞ்சம் ஓடும்" என்றாள் பவானி.

முத்துப்பாண்டி ஏணியைத் தூக்கி வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. காற்று கொண்டுவந்து ஒட்டியிருந்த சருகையும் சேற்றையும் ஈரத்துணியால் துடைத்து இறக்கினான். அவனைப் பார்த்து மற்ற ஆண்களும் ஏறினார்கள்.

சுருளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன் ஆத்தா" என்று கதவருகே வந்தார். அன்னத்தாய் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எனக்கும் உள்ள பழம் கெடக்குண்ணே. எனக்குப் பாக்கணும்னு இல்லையா? உங்களுக்குத் தொறந்தா அடுத்தவுகளுக்கும் தொறக்கணும்."

அவள் நகரவில்லை. சுருளி அவளையே பார்த்தார். பிறகு திரும்பி, தனக்குப் பின்னால் வந்தவர்களிடம், "போங்கப்பா, யாரும் கதவுப் பக்கம் வராதீக" என்றார்.

அன்று மதியம் மேகம் விலகியது. கூரை மேல் வெயில் விழுந்ததும் உள்ளே மோட்டார் உறுமியது. மீட்டர் இறங்க ஆரம்பித்தது. பெண்களில் ஒருத்தி குலவையிட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பாதை திறந்த அன்று காலையிலேயே கோட்டயத்து வியாபாரி நேரில் வந்து இறங்கினார். வழியெல்லாம் மற்ற ஊர்களில் உதிர்ந்து புளித்த திராட்சையைப் பார்த்து வந்தவர், முகத்தில் நம்பிக்கை இல்லாமல் நின்றார். அன்னத்தாய் கதவைத் திறந்தாள். குளிர் புகைபோல வெளியே வந்தது. ஒரு கொத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். காம்பு பச்சையாக இருந்தது. மணிகளின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் வெண்பூச்சுகூடக் கலையவில்லை. அவர் உதறிப் பார்த்தார். ஒரு மணி விழவில்லை. வாயில் போட்டுக் கடித்தார்.

"கொள்ளாம்! நல்லா இருக்கு" என்றார். "மொத்தமும் எனிக்கு வேணும். என்ன விலைக்குத் தருவீங்க?"

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய திராட்சைக்கு இதுவரை எவரும் இப்படிக் கேட்டதில்லை.

சுருளி தொண்டையைக் கனைத்தார். "விலையை அன்னத்தாயி சொல்லட்டும்."

அவள் சொன்னாள். வியாபாரி கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. கடைசியில் தலையாட்டிவிட்டு லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

லாரி மலையைப் பார்த்துக் கிளம்பியதும் சுருளி அவளிடம் வந்தார்.

"ரோட்டோரமா எனக்கு ஒரு துண்டு நெலம் சும்மா கெடக்கு. இதைவிடப் பெருசா இன்னொண்ணு போடுவமா?"

"போடுவம்ண்ணே. ஆனா குழுப் பேருலதான் இருக்கணும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். என் வீட்டுக்காரியையும் குழுவுல சேத்துக்க."

அன்னத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். வெறும் டிரேக்களை அள்ளிக்கொண்டு பெண்கள் அறையைக் கழுவ உள்ளே போனார்கள். பந்தலில் அடுத்த வெட்டுக்குப் பழம் கறுத்துத் தொங்கியது.