கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் வீடு

நான் வாங்கிய வண்டி முப்பத்தாறு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, கக்கூஸ், குளியலறை எல்லாம் இருந்தன. பின்பக்கம் லாரிக்குப் போடுகிற டீசல் எஞ்சின். வயது இருபது. அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது என் மனைவி ஆர்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நம்ம தெருவுக்கு பஸ் விட்டிருக்காங்களா?" என்று கேட்டாள்.

வீட்டை விற்றுவிட்டு அந்த வண்டியிலேயே வாழ வேண்டும் என்பது என் திட்டம். குளிர்காலத்துக்கு வெயில் காயும் அரிசோனா, கோடைக்கு மனம் போன இடம். பனி உறையும் எங்கள் மினசோட்டாவில் ஒரு குளிர்காலத்தைத் தள்ளிய எவனுக்கும் இந்த ஆசை வரும். வீட்டை வாங்க ஒரு பல் டாக்டர் தம்பதி தயாராக இருந்தார்கள். நவம்பர் கடைசி வரை காத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. ஆர்லிஸ் கையெழுத்துப் போட மறுத்தாள்.

"முதல்ல அரிசோனாவுக்கு ஒரு தடவை போவோம். போற வழியில எனக்குச் சரின்னு பட்டா போன்லயே கையெழுத்துப் போட்டுடறேன். ஆனா ஒண்ணு, டெல்மர். இந்த வண்டியில என்ன கோளாறு வந்தாலும் என்கிட்ட சொல்லணும். ஒண்ணை மறைச்சேன்னு தெரிஞ்சாலும் வீட்டை விக்க விட மாட்டேன்."

நான் என்றைக்கு எதை மறைத்தேன் என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வண்டியை விற்றவன் ஓரின். சர்ச் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவன். வண்டியை அதிகம் ஓட்டவில்லை, வருடக்கணக்காக டிராக்டர் கொட்டகையில்தான் நின்றது என்றான். எனக்கு வாயெல்லாம் பல். ஓடாத வண்டி தேயாத வண்டி என்று நினைத்தேன். நிற்க நிற்க டீசல் வண்டிக்கு மூட்டுவலி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். வண்டி விஷயத்தில் எனக்கு யார் சொல்ல வேண்டும்?

ஓரின் முன்னால் என் வித்தையைக் காட்டினேன். ஒரு சென்ட் காசை எடுத்து டயரின் வரிப்பள்ளத்தில் தலைகீழாகச் செருகினேன். காசில் இருக்கும் தலை பள்ளத்தில் மறைந்தால் டயர் நல்ல டயர். தலை காணாமலே போயிற்று. நான் நிமிர்ந்து ஓரினைப் பார்த்துத் தலையாட்டினேன், ஏதோ நானே அந்த டயரைச் செய்த மாதிரி. டயர் பிறந்த வருடம் அதன் உட்பக்கத்தில் பொறித்திருக்கும், அடியில் தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் சர்ச்சில் பக்கத்தில் நிற்கிறவனின் வண்டிக்கு அடியில் அவன் கண்ணெதிரே எப்படித் தவழ்வது? அவனைத் திருடன் என்று சொன்னதாக ஆகாதா?

ஓரின் யோக்கியன், அதையும் சொல்ல வேண்டும். "இந்த மாதிரி வண்டியப் பரிசோதிக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு. வரச் சொல்லட்டுமா?" என்று அவனாகவே கேட்டான். அதெல்லாம் எதற்கு, வீண் சிரமம் என்றேன். "இல்ல, வந்து பாத்தா நல்லதுதானே?" என்றான். பரவாயில்லை, விடு என்றேன்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டால், அவ்வளவு சொல்கிறாய் என்பதற்காக என்று வாங்கிக்கொள்ளலாம். காபியும் அப்படித்தான், கடனும் அப்படித்தான். முதல் தடவையே சரி என்பவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று சொல்வோம். ஓரினின் மூன்றாவது கேள்விக்காக நான் உதட்டில் சம்மதத்தோடு காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி எலுமிச்சைக் கேக் தட்டோடு வெளியே வந்தாள். பேச்சு கேக்குக்குப் போய், அங்கிருந்து மழைக்குப் போய்விட்டது. மூன்றாவது முறை அவன் கேட்கவே இல்லை. நானாக எப்படிக் கேட்பது? காசோலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஓரின் சொன்னான், கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், பின்சுவர் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்று. கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போனாலும் கொஞ்சம் காற்று என்று சொல்கிற ஊர் எங்கள் ஊர். நானும் அங்கேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் என்றால் கொஞ்சம் என்றே நம்பினேன்.

அக்டோபரில் புறப்பட்டோம். வழியில் நெப்ராஸ்காவின் நட்ட நடுவில், பின்பக்கத்து ஜோடி டயர்களில் உள்ளே இருந்தது வெடித்தது. பீரங்கிச் சத்தம். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆர்லிஸின் பென்சில் கையிலேயே ஒடிந்தது. ரப்பர் துண்டு சக்கரத்துக்கு மேலிருந்த பலகையைக் கிழித்து, கக்கூஸ் தொட்டியின் வடிகுழாயையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. நான் இறங்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"டயர்ல காத்து கொஞ்சம் கம்மி," என்றேன்.

இழுவை வண்டிக்காரர்கள் வந்து, லாரிகள் நிற்கும் இடத்துக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே டயர்க்காரர் உட்பக்கத்தைப் பார்த்தார். அந்த டயர் செய்த வருடத்தில் பிறந்த பிள்ளைக்கு நானே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருப்பேன். மற்ற ஐந்தும் அதன் உடன்பிறப்புகள். ஆர்லிஸை உணவகத்தில் ஆப்பிள் பை தின்ன உட்காரவைத்துவிட்டு, ஆறு டயரையும் மாற்றினேன். எங்கள் வீட்டுக் கூரையை முழுவதும் மாற்றியபோதுகூட அவ்வளவு செலவானதில்லை. திரும்பி வந்து, ஒரு டயரை மாற்றியாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆறில் ஒன்று இருக்கிறதல்லவா?

அடுத்தது மலை. கொலராடோவிலிருந்து நியூ மெக்ஸிகோவுக்குள் இறங்குவதற்கு முன்னால் ராட்டோன் கணவாய் ஏற வேண்டும். எங்கள் ஊரில் மலை கிடையாது, அதனால் இந்த வண்டி மலையைப் பார்த்ததில்லை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"காட்சி நல்லா இருக்கில்ல, பாக்கலாம்னுதான்."

பார்த்தோம். முள் இறங்கியதும் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் மறுபடி சிவப்பு, மறுபடி காட்சி. மூன்றாவது முறை நிறுத்தியபோது ஆர்லிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். "டெல்மர், கல்யாணம் ஆனதிலேருந்து நீ ஒரு மரத்தை நின்னு பாத்ததில்ல. இப்ப ஒரே மரத்தை மூணு பக்கத்துலேருந்து காட்டுறே," என்றாள். நான் இயற்கையைப் பற்றி ஏதோ உளறினேன்.

கணவாயை எப்படியோ தாண்டி, நியூ மெக்ஸிகோவின் அல்புகர்க்கி நகரில் ஒரு பணிமனைக்கு வண்டியைச் சேர்த்தேன். எஞ்சின் கக்கிய எண்ணெய்ப் புகை பின்னாலிருக்கும் ரேடியேட்டரில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, வருடக்கணக்கில் காய்ந்து தார்போல இறுகியிருந்தது. காற்று உள்ளே போக வழியே இல்லை. வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும், அது ஓட்டையென்றால் புதிதாக வரவழைக்க வேண்டும். ஓட்டைதான். வரும்வரை பணிமனையின் முற்றத்திலேயே வண்டிக்குள் குடியிருக்கலாம் என்றார்கள். மின்சாரம் இலவசம். ஆர்லிஸிடம், ரேடியேட்டரைக் கொஞ்சம் கழுவ வேண்டியிருக்கிறது என்றேன்.

அந்த முற்றத்தில் எங்களைப் போல ஏழெட்டு வண்டிகள் நின்றன. நான்கு மணி ஆனால் எல்லாரும் மடக்கு நாற்காலிகளோடு வெளியே வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கோப்பை. ஆஸ்பத்திரி வார்டில் அவரவர் ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிற மாதிரி, எது போனது, எவ்வளவு போனது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். டெக்சாஸ்காரி நெல்டாதான் அங்கே தலைவி. கியர்பெட்டிக்காக வசந்தகாலத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தாள், செடிகூட வைத்திருந்தாள். என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆர்லிஸும் சிரித்தாள்.

அவள் சிரித்ததுதான் எனக்கு விளங்கவில்லை. சர்ச் முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போதுகூட ஓரத்தில் நிற்கிறவள், அங்கே டோமினோ என்ற புள்ளிக்காய் ஆட்டம் ஆடக் கற்றுக்கொண்டாள். நெல்டாவிடமிருந்து இரண்டு கெட்ட வார்த்தைகளும் கற்றுக்கொண்டு, அவற்றைச் சரியான இடத்தில் பயன்படுத்தினாள். நானோ வாடிக்கொண்டிருந்தேன். குளியலறையில் முழங்கை இடிக்காமல் சோப்புப் போட முடியவில்லை. ராத்திரி புரண்டால் தலையில் அலமாரி. வீட்டின் நிலவறையில் டி.வி.க்கு எதிரே இருக்கும் என் சாய்வு நாற்காலியை நினைத்துக்கொண்டேன். ஊரில் பனி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வெறியாக இருந்தது. ஆனால் வண்டியில் வாழும் யோசனை முழுவதும் என்னுடையது. அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் பின்சுவர். ரேடியேட்டரைத் திரும்ப மாட்டுவதற்காகப் பலகையைக் கழற்றியபோது, பணிமனைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கூரை ஒழுகி ஒழுகி உள்ளே மரமே இல்லை, நனைந்த ரொட்டிதான் இருந்தது. விரலை விட்டேன், முழு விரலும் உள்ளே போனது. சுவரை முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டும். வண்டியை என்ன விலைக்கு வாங்கினேனோ, டயர், ரேடியேட்டர், சுவர் எல்லாம் சேர்ந்து அந்த விலையை மறுபடியும் கேட்டன. இல்லையென்றால் பழைய சாமான்காரர் ஒருவர் இருக்கிறார், அப்படியே எடுத்துக்கொள்வார் என்றார்.

எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. ஆர்லிஸ் போட்ட நிபந்தனை இருக்கிறதே. மறைத்தது தெரிந்தால் வீட்டை விற்க மாட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் கோபித்துக்கொள்வாள், வண்டி சாமான்காரருக்குப் போகும், நாங்கள் விமானத்தில் வீட்டுக்குப் போவோம். திட்டு மட்டும்தான் விலை. உண்மை பேச எனக்குத் தைரியம் வந்ததே இந்தக் கோழைத்தனத்தால்தான்.

மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். கொஞ்சம் என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு டயர், கக்கூஸ் குழாய், மலையில் சூடேறியது, சுவர், மொத்தத் தொகை. ஓரின் இரண்டு முறை கேட்டு நான் வேண்டாம் என்றதையும் சொன்னேன்.

ஆர்லிஸ் டோமினோக் காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "ஆறு டயரும் பளபளன்னு நிக்குது. நான் என்ன குருடியா?" என்றாள்.

"அப்ப தெரியுமா?"

"தெரியும். எப்ப வாயத் திறப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"சரி, மறைச்சது தப்புதான். நீ சொன்ன மாதிரி வீட்டை விக்க வேணாம். எனக்கும் வீட்டுக்குப் போகணும் போல இருக்கு, ஆர்லிஸ்," என்றேன். அதில் மட்டும் நடிப்பில்லை.

அவள் போனை எடுத்தாள். பல் டாக்டர்கள் அனுப்பியிருந்த விற்பனைப் பத்திரத்தைத் திறந்து, விரலால் தன் பெயரை எழுதினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறைச்சா விக்க மாட்டேன்னு சொன்னியே என்று கேட்டேன்.

"சொன்னேன். அப்புறம் யோசிச்சேன். ரிட்டயர் ஆனதிலேருந்து நீ கீழ டி.வி. முன்னாடி, நான் மேல சமையலறையில. அந்த வீட்ல நீ என்கிட்ட பொய்யே சொன்னதில்ல, டெல்மர். பொய் சொல்லணும்னாலும் பேசணுமே," என்றாள் ஆர்லிஸ். "இங்க வந்து தினமும் ஒரு பொய் சொல்றே. மரத்தைக் காட்டுறே. எனக்கு ஓட்டை வண்டி போதும். அந்த வீட்டுக்கு நான் திரும்பி வர மாட்டேன்."

அத்தனை வருடம் அவள் என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தாள், நான் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறேன்.

அவள் போனை என் பக்கம் தள்ளினாள். அவள் பெயருக்குக் கீழே என் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

"வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஆனா வாயால சொல்லு."

"பயமா இருக்கு," என்றேன்.

"எனக்கும்தான்," என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.