கடல் பாடிய சரணம்

கடலூர்க் கரையோரக் குப்பத்தில், அந்த சினிமாப் பாட்டின் இரண்டாம் சரணம் எங்கிருந்து கேட்டாலும், குணசுந்தரியின் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் அளவுக்குக் கடல் வந்து நின்றது. பக்கத்து வீட்டு வாசற்கோலம்கூட நனையவில்லை. "எடுத்ததை எல்லாம் ஒருநாள் வீடு வந்து வைப்பேன்" என்பது வரி. காதலியின் மனசை எடுத்துக்கொண்டவன் பாடுவதாக ஊரே நினைத்தது. குணசுந்தரிக்கு மட்டும் அதைப் பாடுவது கடல். அவள் புருஷன் சக்கரபாணி புயலில் படகோடு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தண்ணீர் வெறுங்கையோடு வரவில்லை. முதல் தடவை அவனுடைய டார்ச் லைட்டை வைத்துவிட்டு வடிந்தது. அப்புறம் டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு. கொழுந்தன் வினோத்குமார், "காரியத்த முடிச்சிடலாம் அண்ணி" என்று வரும்போதெல்லாம், "பொருளு வருதில்ல தம்பி? பின்னாலயே அவுங்களும் வருவாங்க" என்று திருப்பி அனுப்பினாள். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, மகள் தமிழினியின் செல்போனில் அந்தச் சரணத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். சுவரெல்லாம் உப்புப் பூத்தது. ஆள் வரவில்லை.

சிதம்பரம் கீழவீதியில் பாட்டு ரசிகர்கள் ஞாயிறுதோறும் கூடி வரிகளுக்கு அர்த்தம் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினாள். அவள் சொன்ன அர்த்தத்துக்குப் பலரும் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்தும் சிவசுப்ரமணியன் சிரிக்கவில்லை. எல்லாரும் போனபின் அவளை உட்காரவைத்தார்.

"எனக்குப் பாடுறது கொள்ளிடம் ஆறும்மா. குமராட்சி வெள்ளத்துல என் சம்சாரம் சாரதாம்பாள் போயிட்டா. அந்த ஆறு என் வீட்டுக்கே வருது. மூக்குக்கண்ணாடி வந்துச்சு, வளையல் வந்துச்சு, தாலிகூட வந்துடுச்சு."

"அவுங்க?"

"'எடுத்ததை'ன்னா பொருளைத்தானேம்மா. 'எடுத்த ஆளை'ன்னு எழுதலியே."

"எழுதுனவரு மறந்திருக்கலாம் சார்."

"நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் அவர்.

ஊர் திரும்பியதும் வினோத்குமாரைக் கூப்பிட்டு, "நாள் பாருங்க தம்பி" என்றாள்.

காரியத்தன்று வீட்டுக்குள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது யாருடைய போனிலோ அந்தச் சரணம் அடித்தது. கடல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து இலையைக் கையில் ஏந்திக்கொண்டார்கள். கடைசியாகப் போன அன்று சக்கரபாணி போட்டிருந்த சட்டை, ஒரு பொத்தானும் அவிழாமல், மிதந்து வந்து குணசுந்தரியின் முழங்காலில் தட்டி நின்றது. அவள் அதை எடுத்து நன்றாகப் பிழிந்து, உதறி, கொல்லைக் கொடியில் காயப்போட்டாள். தண்ணீர் வடிந்தது. தமிழினி தரையில் மிச்சமிருந்த ஈரத்தைத் தள்ளிவிட்டாள். எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். வினோத்குமார் ரசம் ஊற்றிக்கொண்டே போனான்.