பன்னிரண்டு அடி

தரைக்கு அடியில் இருப்பதையெல்லாம் தன் மனைவி பார்த்துச் சொல்லிவிடுவாள் என்பதில் ரூபஸுக்குப் பெருமை தாங்காது. ஹெலினாவுக்கு அம்பத்தூரில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் வேலை. சக்கரம் வைத்த ரேடார் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். அது அனுப்பும் நுண்ணலை, அதாவது மைக்ரோவேவ், பாறைக்குள் புகுந்து, அடியில் பொந்து இருந்தால் முட்டித் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழம் சொல்லிவிடலாம். அந்தப் பாறையில் அலை என்ன வேகத்தில் ஓடும் என்று மட்டும் தெரிய வேண்டும். அதை அளப்பதில்தான் எல்லாரும் சோம்பேறிகள்.

குத்தம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் அடியெல்லாம் செம்புரைக்கல், துளைத்துளையான சிவப்புப் பாறை. கோடையில் அங்கே குழி வெட்டி, அலையின் வேகத்தை அளந்து வைத்திருந்தாள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த பிறகு, நேற்று மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு மூலையில் பொந்து தெரிந்தது. அதற்கு மேலே பாறை எத்தனை அடி கனம்? பழைய வேகத்தையே போட்டுப் பார்த்தாள். தரையில் மஞ்சள் ஸ்பிரே பெயின்ட்டால் ‘12 அடி’ என்று எழுதிவிட்டு வந்தாள். அவ்வளவு கனத்தில் யானைக் கூட்டமே நிற்கலாம், பைலிங் மெஷின் நிற்காதா? அஸ்திவாரத் தூணுக்குத் துளை போடும் அந்த மெஷினை ரூபஸும் இன்னொரு ஆபரேட்டரான அமல்ராஜும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள்.

இன்று காலை சாரல் அடித்து ஆபீஸ் ஜன்னலோர மேஜை நனைந்திருந்தது. மேஜையைத் துடைக்கும்போது, பேப்பர் பறக்காமல் இருக்க அவள் வைத்திருந்த செம்புரைக்கல் துண்டை எடுத்தாள். அதே இடத்திலிருந்து கோடையில் கொண்டு வந்தது. அன்று ரஸ்க் மாதிரி லேசாக இருந்த கல், இன்று கனத்தது. துளைகளிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழிந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மைக்ரோவேவ் அடுப்பில் சோறு ஆவி பறக்கும், பீங்கான் தட்டு சும்மா கிடக்கும். அலையைப் பிடித்துவைப்பது தண்ணீர். காய்ந்த கல்லில் ஓடுகிற அலை ஊறிய கல்லில் தவழும். தாமதமாகத் திரும்பிய அலையை ஆழத்திலிருந்து வந்ததென்று எடுத்துக்கொண்டுவிட்டாள். கணக்கைத் திருப்பிப் போட்டாள். ஆறு அடிகூட இல்லை. அதுவும் ஊறிப்போன பாறை. ரூபஸுக்கு போன் அடித்தாள்.

ரூபஸ் போனை எடுக்கவில்லை. சைட் சூப்பர்வைசர் குணசேகரனைக் கூப்பிட்டாள், அவர் எடுத்தார்.

"ரூபஸா மேடம்? மெஷின் மேல கீறாரு. இன்னிக்கி அமல்ராஜ் முறைதான். தரை பொதபொதங்குது, ஏற மாட்டேன்னு பேஜார் பண்ணிகினு கீறான். உங்க ஊட்டுக்காரரு சிரிச்சிகினே ஏறிட்டாரு. 'என் ஹெலினா எழுதினதுடா, இன்னாத்துக்கு பயப்படுறே'ன்னாரு."

"அவரை எறக்குங்க சார்! பாறை அவ்ளோ கனம் இல்ல, நான் தப்பா எழுதிட்டேன்! ஓடுங்க!"

போனைக் கையில் பிடித்தபடியே குணசேகரன் ஓடினார். செருப்பு சேற்றில் அறைவது கேட்டது. "ரூபஸு, எறங்குப்பா" என்ற கூச்சலும் அதற்கு மேல் இன்ஜின் உறுமுவதும் கேட்டன. பிறகு இன்ஜின் சத்தம் நின்றது. அப்பாடா, அணைத்துவிட்டார், இறங்கிவிடுவார் என்று ஹெலினா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

குணசேகரன் மறுபடியும் ரூபஸைக் கூப்பிட்டார். இந்த முறை குரல் கீழ்நோக்கிப் போனது, கிணற்றை எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறவர் குரல் மாதிரி. யாரோ கயிறு கேட்டுக் கத்தினார்கள்.

வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குக் கையிலிருந்த போன் ஞாபகம் வந்தது.

"மேடம்," என்றார் அழுதுகொண்டே, "பன்னெண்டு அடின்னுதானே எழுதிக்கீது?"