கடைசியில் கூப்பிட வேண்டிய படகு

டெனீஸ் கண்ணாடிக் கதவின் கைப்பிடியை மறுபடியும் பிடித்து இழுத்தாள். கதவு அசைந்து கொடுக்கவில்லை. காற்று ஓர் அளவைத் தாண்டினால் கடல் பக்கக் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். விருந்தினர்களின் பாதுகாப்புக்காம். வெளியே அலைகள் பாறையில் மோதி ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்தன. உள்ளே ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"விடுடி, கையை ஒடிச்சுக்காத" என்றாள் கட்டிலில் கிடந்த அம்மா. "கடல் பாக்கணும்னு கூட்டிட்டு வந்த. இங்க கடலுக்கே வாய்ப்பூட்டு போட்டு வெச்சிருக்கானுங்க."

அம்மா நோரீனுக்கு அதற்குள் மூச்சு வாங்கியது. நேற்றுவரை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அந்த விடுதியைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தவள். மழைத்தண்ணீரில் குளியல், சூரிய வெளிச்சத்தில் விளக்கு, அறையில் போன் கிடையாது, டிவி கிடையாது. இல்லாதவற்றுக்கெல்லாம் சேர்த்துத்தான் இங்கே கட்டணம். சாப்பாட்டில் கடல்பாசியை நுரையாக்கி ஒரு கரண்டி வைத்தபோது, "இது எங்க படகுக்கு அடியில ஒட்டும், சுரண்டி எறிவோம்" என்று பரிமாறியவரிடமே சொல்லிவிட்டு, ஒரு துளி விடாமல் தின்று தீர்த்தாள். இன்று காலையிலிருந்து அந்தக் கேலி குறைந்துவிட்டது. டெனீஸுக்கு அதுதான் பயம்.

இன்னும் சில மாதம் தாங்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் டெனீஸ் மெல்போர்னிலிருந்து கிளம்பி வந்து, டாஸ்மேனியாவின் தென்முனையில் சாலைகூடப் போகாத இந்தப் பாறைக்கு அம்மாவை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அம்மா கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்று தம்பியிடமும் ஊராரிடமும் சொல்லியிருந்தாள். உண்மைக் காரணம் அதுவல்ல. இங்கே ரேடியோ இருக்காது என்று நினைத்தாள்.

படகுகளோடு பேசும் அந்த ரேடியோ அவர்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம் ஆனால் போதும், நோரீன் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதலில் நாளைய காற்று எப்படி என்று வாசிப்பாள். பிறகு சிங்கி இறால் பிடிக்கப் போன படகுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறீர்கள், நங்கூரம் போட்டாயிற்றா என்று கேட்பாள். கடைசிப் படகு பதில் சொல்லும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பள்ளியில் வாங்கிய பரிசு, உடைந்த பல், ஒருவன் எழுதிக் கொடுத்த காதல் கடிதம், எல்லாம் காத்திருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகள் எங்கே என்று தினமும் தேடியவள், தன் பெண் எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஐம்பது வயதாகியும் டெனீஸுக்கு அந்தப் பொறாமை ஆறவில்லை. சில சாயங்காலங்களாவது அம்மா தனக்கே தனக்கு வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாள்.

விடுதி நிர்வாகி அலிஸ்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். எப்போதும் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் பேசும் மனிதர்.

"காத்து குறையிற வரைக்கும் ஹெலிகாப்டர் வராதாம். டாக்டர்கிட்ட பேசினேன். கையில இருக்கிற வலி மருந்தையே குடுக்கச் சொன்னார். மெல்லிசா ஏதாவது இசை போடட்டுமா?"

"இசையெல்லாம் வேணாம்" என்றாள் நோரீன். "ரேடியோ இருக்கா? படகோட பேசுற ரேடியோ."

"சாமான் படகுக்காக ஒண்ணு இருக்கு. சமையலறைக்குப் பின்னாடி."

அம்மாவின் முகம் தெளிந்தது. டெனீஸின் முகம் தொங்கிப்போனது.

"நேத்து யாரெல்லாம் பேசுனாங்க? 'ஐரிஸ் மே' எங்க நிக்குது?"

"தெற்குக் குடாவுலன்னு சொன்னாங்க. இன்னும் ரெண்டு படகும் அங்கதான் ஒதுங்கியிருக்காம்."

'ஐரிஸ் மே' தம்பி வாரனின் படகு. தெற்குக் குடாவுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் கடலுக்குள் நீளும் பாறை முனை, அதைச் சுற்றித்தான் வர வேண்டும். அலிஸ்டர் போகும்வரை நோரீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"டெனீஸ், அவனைக் கூப்பிடாத."

"அம்மா..."

"எனக்கு முடியலன்னு தெரிஞ்சா முனையைச் சுத்திக் கிளம்பிடுவான். இந்தக் காத்துல அந்தப் படகு தாங்காது. நான் போறேன்னு சொல்லல. சும்மா சொல்லி வெக்கிறேன்."

"இப்பவும் உனக்கு அவனும் அந்த ரேடியோவும்தான். என்கூட ரெண்டு வார்த்தை பேசேன்."

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாகக் கிடப்பவளிடம் சண்டைக்குப் போகிறோமே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. அதை மறைக்கப் போர்வையை இழுத்துவிட்டாள். சரியாக இருந்த தலையணையை எடுத்து மறுபடி வைத்தாள். ஆறிப்போன டீயை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அவன்தான் செல்லப் பிள்ளைன்னு நெனச்சா, ரேடியோவுல அவனைக் கடைசியாத்தானே கூப்பிடுவ" என்றாள், சமாதானமாக. "அத வெச்சு படகுக்காரங்க எல்லாம் சிரிப்பாங்களே, பெத்த பிள்ளைக்கு வரிசையில கடைசி இடம்னு."

"சிரிக்கட்டும். மொதல்ல கூப்பிட்டு அவன் பதில் சொல்லலைன்னா, மத்தவங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் வருமா?"

டெனீஸ் அம்மாவையே பார்த்தாள். இதை இவள் யாரிடமும் சொன்னதில்லை.

"உன்ன நான் தேட வேண்டியதில்லையேடி" என்றாள் நோரீன். "நீ அந்தச் சமையலறைக் கதவோரமாவே நிப்ப. உன் மூச்சு எனக்குக் கேக்கும். அது கேட்டப்புறம்தான் மைக்கையே எடுப்பேன்."

டெனீஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நோரீன் தூங்கினாள். தூக்கத்தில் உதடு அசைந்தது. படகுகளின் பேர்தான், இங்கே வந்ததிலிருந்து தூக்கத்தில் அவள் உளறுவது அதைத்தான். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சு போயிற்று. அடுத்ததற்காக டெனீஸ் காத்திருந்தாள். வரும் என்றே நினைத்தாள். வெளியே ஓர் அலை சத்தமில்லாமல் எழுந்து சத்தமில்லாமல் விழுந்தது.

அலிஸ்டர் மறுபடி வந்தபோது ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். கட்டிலின் கால்மாட்டில் வந்து தலைகுனிந்து நின்றார். போவார் என்று பார்த்தால் போகவில்லை.

"இந்த நேரத்துல சொல்றதுக்கு மன்னிக்கணும். ஊர்லேர்ந்து காலின் போன்ல இருக்கார். அங்க ரேடியோ கம்பம் காத்துல சாஞ்சிடுச்சாம். இனி படகுகளுக்கு இங்கேர்ந்துதான் எட்டும். உங்க அம்மாவால கூப்பிட முடியுமான்னு கேக்கறார். நான் எதுவும் சொல்லல."

நோரீனுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து சாயங்கால அழைப்பைக் காலின்தான் பார்த்துக்கொண்டார். சமையலறைக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று டெனீஸ் போனை வாங்கினாள்.

"காலின், நான் டெனீஸ். அம்மா போயிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இப்பவாம்மா?" என்றார் காலின்.

"இப்பத்தான்."

"வாரன்கிட்ட..."

"தெரியும் காலின். சொல்ல மாட்டேன்."

அந்தக் கரையில் அது எழுதாத சட்டம். கடலில் நிற்பவனிடம் ரேடியோவில் சாவு சொல்லக் கூடாது. கரைக்கு வா என்று மட்டும் சொல்லலாம், வந்த பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். இன்றைக்கு அந்த 'வா'வும் சொல்ல முடியாது. சொன்னால் முனையைச் சுற்றிக் கிளம்பிவிடுவான். ஒன்றுமே நடக்காததுபோல் பேச வேண்டும். பேசி முடித்துவிட்டால் தம்பி அங்கேயே பத்திரமாக இருப்பான்.

"படகு பேரெல்லாம் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம். அம்மா தூக்கத்துல சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

மைக்கைக் கையில் எடுத்தாள். காலின் சொல்லக் குறித்துக்கொண்டதைப் பார்த்து, தென்மேற்குக் காற்று நாளை மதியம்வரை குறையாது, முனைப் பக்கம் அலை மிக அதிகம் என்று வாசித்தாள். அம்மாவுக்கு உடம்பு அசதி, தூங்குகிறாள், அதனால் நான் கூப்பிடுகிறேன் என்றாள். குரல் நடுங்கவில்லை. தனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஐரிஸ் மே, ஐரிஸ் மே. எங்க இருக்கீங்க? ஓவர்."

பொத்தானை விட்ட பிறகுதான் உறைத்தது. முதல் பேராக அதைச் சொல்லிவிட்டாள். தம்பி எங்கே, தம்பி எங்கே என்று மனசு அடித்துக்கொண்டதை வாய் அப்படியே கொட்டிவிட்டது. அத்தனை வருஷத்தில் நோரீன் ஒரு நாளும் முதலில் கூப்பிடாத படகு. இதற்குள் யாராவது ஒரு கிண்டல் அடித்திருக்க வேண்டும். யாரும் அடிக்கவில்லை. ரேடியோ வெறுமனே இரைந்தது. அம்மா இல்லை என்பது அந்தக் கடற்கரையில் நின்ற எல்லாப் படகுக்கும் தெரிந்துவிட்டது என்று டெனீஸுக்குப் புரிந்தது. கிளம்பிவிடாதே, கிளம்பிவிடாதே என்று மைக்கைப் பார்த்து வாய்க்குள் சொன்னாள்.

"அக்கா" என்றான் வாரன்.

பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி குரல் வந்தபோது அது யாருடையதோபோல் இருந்தது.

"வரிசையைத் தப்பாக் கூப்பிட்டுட்ட. நான் கடைசி. மத்தவங்களைக் கூப்பிடு, நான் காத்திருக்கேன். ஓவர்."

டெனீஸ் கூப்பிட்டாள். ஒரு படகில் இருந்த, வழக்கமாகக் கதை அளக்கும் கிழவர், "லேடி ஐவி. நங்கூரம் போட்டாச்சும்மா. நல்லா இருக்கோம்" என்று மட்டும் சொன்னார். வடக்கே நின்ற படகுகள் ஒவ்வொன்றாகச் சுருக்கமாகப் பதில் சொல்லின. 'ஸ்டார்லிங்' படகிலிருந்து பேசியவன் கொஞ்சம் தயங்கினான்.

"ஸ்டார்லிங். தெற்குக் குடாவுல 'ஐரிஸ் மே'க்குப் பக்கத்துலயே கட்டியிருக்கோம். ராத்திரி அவன்கூடவே இருக்கோம் டெனீஸ். ஓவர்."

இனி ஒரு பேர்தான் பாக்கி. அம்மா இத்தனை வருஷமும் ஒவ்வொரு சாயங்காலமும் எந்தப் பயத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் வைத்தாள் என்று டெனீஸுக்கு இப்போது தெரிந்தது.

"ஐரிஸ் மே."

"ஐரிஸ் மே. நங்கூரத்துல நிக்கிறேன். காத்து விழுற வரைக்கும் நகர மாட்டேன்." ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "அம்மாகிட்ட சொல்லிடுக்கா, எல்லாரும் பதில் சொல்லியாச்சுன்னு. ஓவர்."

மைக்கை அதன் கொக்கியில் மாட்ட டெனீஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அலிஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடிக் கதவுக்குச் சாவி இருக்கா?"

"இந்தக் காத்துல திறக்கக் கூடாதுங்க..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

கதவு திறந்ததும் கடலின் இரைச்சல் அறை முழுக்க வந்து நிறைந்தது. திரைச்சீலை உயர எழுந்தது. மேஜைமேல் இருந்த விடுதியின் வரவேற்பு அட்டை பறந்துபோய் எங்கோ விழுந்தது. அம்மாவின் நரைமுடியில் ஒரு கொத்து எழும்பி நெற்றியில் படிந்தது.

"எல்லாரும் பதில் சொல்லியாச்சும்மா" என்றாள் டெனீஸ். அந்த இரைச்சலில் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு கதவோரமாகப் போய் நின்றுகொண்டாள்.