நாலாவது கேள்வி

பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள் அவள். நல்ல கைராசிக்காரி. வேறு யாராவது ஊசியோடு வந்தால் கையை இழுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு வரட்டும்" என்று அடம்பிடிக்கிற கிழவர்களெல்லாம் உண்டு. அப்பேர்ப்பட்டவளுக்கு, மகளின் பையில் வந்த ஒரு தாளைப் பூர்த்தி பண்ண மூன்று நாளாகக் கை ஓடவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவரச் சொன்ன தாள். நாலே கேள்வி. பிடித்த பாடம் எது, கஷ்டமான பாடம் எது, வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மூன்றுக்கும் மளமளவென்று எழுதிவிட்டாள். நாலாவதில்தான் பேனா நின்றுவிட்டது. குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டே, அதுதானே வினை. போன வாரம் ஒருநாள் காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒற்றை ஷூவை ஒளித்துவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது வாண்டு. இவள் அதன் கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் நாலு விரலும் பதிந்து நீலம் பாரித்துவிட்டது. முதல் தடவை என்றால் கை தவறிவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது மூன்றாவது.

பஸ் ஓட்டுகிற புருஷனுக்கு விஷயமே தெரியாது. லீவு கிடைக்கவில்லை, நீயே போய்வந்துவிடு, நம்ம தங்கத்தை யார் என்ன குறை சொல்லப்போகிறார்கள் என்றான். அவள் பாதிச் சோற்றில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இந்த மாதிரி விஷயத்தில் வீட்டுக்கே ஆள் வந்து விசாரிப்பார்களாம், பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம் என்று வேலை செய்யும் இடத்தில் எப்போதோ காதில் விழுந்தது. மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்வதா, சைக்கிளில் இடித்துக்கொண்டாள் என்று சொல்வதா? நாள் முழுக்க வாய்க்குள் ஒத்திகை. உதடு அசைவதைப் பார்த்து, யாருக்காக வேண்டிக்கொள்கிறாய் என்று ரத்தம் கொடுக்க வந்தவர் ஒருவர் கேட்டேவிட்டார்.

கூட்டத்தன்று காலை தலை பின்னிவிடும்போது சட்டைக் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். நீலம் மஞ்சளாகியிருந்தது, போகவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே வாண்டு சொன்னது:

"மிஸ் அன்னிக்கே கேட்டாங்கம்மா. கதவு இடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் கதவுன்னே சொல்லு, மாத்திடாத. பயப்படாத, என்ன?"

ஏழு வயசு. பாதிப் பின்னலில் சீப்பு அப்படியே நின்றது.

வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார்கிற குட்டி நாற்காலி. முட்டி மேஜையில் இடித்தது. பக்கத்து நாற்காலியில் வாண்டு. மிஸ் சிரித்த முகமாகத்தான் பேசினாள். கணக்கில் கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம் என்றாள். நாலாவது காலியாக இருந்தால் பரவாயில்லை என்று தாளை வாங்கிக் கட்டோடு வைத்துவிட்டாள். கையைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாசலில் அடுத்த அம்மா அப்பா எட்டிப்பார்த்தார்கள். எழுந்து போய்விட்டால் தீர்ந்தது கதை.

மேஜைக்கு அடியில் சின்ன விரல்கள் அவள் கையை இரண்டு தடவை அழுத்தின. தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம். ஊசியைக் கண்டு மிரளுகிற பிள்ளையின் கையைத் தாய்மார்கள் அப்படித்தான் அழுத்துவார்கள், தினமும் பார்க்கிறாள். இங்கே பிள்ளை அழுத்துகிறது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டாள். வாங்கி, நாலாவது கேள்விக்கு நேரே பேனாவை வைத்தாள். எழுதாமலே மூடிவிட்டாள்.

"மிஸ், அது கதவு இல்ல. நான்தான்."

மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. வாசலில் இருந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள்.

வாண்டு அம்மாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கதவுன்னு சொல்லும்மா," என்றது, அழுதுகொண்டே.