அற்புதம் தண்ணீர் குடிக்காத வீடு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதில் நடந்த தப்பெல்லாம் அதனால்தான் நடந்தது, அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பெயர் ரம்லா. கோட்டைமேட்டில் ஐந்து குடும்பம் இருக்கிற ஒரு லைன் வீட்டில் முதல் வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் அப்துல் மஜீத் உக்கடத்தில் கார் சீட்டுக்குக் குஷன் வேலை செய்கிறார். வாயில் நாலைந்து சின்ன ஆணியைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அந்த நேரத்தில் அவரிடம் எது கேட்டாலும் பதில் வராது. இல்லாத நேரத்திலும் பெரிதாக வந்துவிடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஆணிகளில் ஒன்று அவர் வலது காலில் ஏறியது. ஏறியது அவருக்கே தெரியவில்லை. சர்க்கரை வந்து பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. சர்க்கரை இருப்பதும் எங்களுக்குத் தெரியாது. கடையை அரை நாள் சாத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத மனிதர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் அற்புதம் எங்கள் தெருவுக்கு வந்தார். அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாதா மாதம் மாத்திரை கொடுக்கிற வேலை. போத்தனூர்க்காரம்மா, கிறிஸ்தவர், முப்பத்தெட்டு வயதிருக்கும், தோளில் அவரை விடக் கனமான ஒரு பை. என் வீட்டுக்காரரின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார், மிஷினில் வந்த எண்ணைப் பார்த்தார், காலைக் காட்டச் சொன்னார். விரலில் பார்த்துவிட்டுக் காலை எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு அதட்டல் போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குதிகாலில் ஆணி, சுற்றிலும் சீழ்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பதினாறு நாள் படுக்கை, ஒரு ஆப்பரேஷன், மூன்று வேளையும் மருந்து. ஆதார் அட்டையைத் தவிர அங்கே யாரும் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் இரண்டு காலோடு நடந்து வீடு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் அற்புதத்தின் பெயரைச் சொல்லி நான் துஆ கேட்டேன். நான் பெற்ற பிள்ளைகளுக்கு அடுத்து அவர்தான்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வாய் டீ கொடுக்காமல் அனுப்ப முடியுமா? எங்கள் ஊரில் கரண்ட் பில் எடுக்க வந்தவரைக்கூட யாரும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அற்புதம் வருகிற நாளில் நான் பாலைத் தனியாக எடுத்து வைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, டீயோடு நிற்பேன். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். இப்போதுதான் குடித்தேன் என்பார், நேரமாகிவிட்டது என்பார். சரி, தண்ணீராவது குடியுங்கள் என்றால் அதுவும் வேண்டாம். ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் பரவாயில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது.

முஸ்லிம் வீடு என்பதால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வெளியில் சொல்ல மாட்டார்கள், டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் அந்த நினைப்பு எனக்குச் சட்டென்று வந்துவிட்டது. வந்தது போகவில்லை. பெருநாளுக்குக் கொடுத்த பிரியாணியை மட்டும் டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாரே என்று என் மகள் நிதா கேட்டாள். போகிற வழியில் நாய்க்குப் போட்டிருப்பார் என்று சொன்னேன். கோபம் வந்துவிட்டால் எதற்கும் பதில் வைத்திருப்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். லைன் வீட்டுக் குழாயடியில் வைத்து, மாத்திரைக்காரம்மா நம்ம வீட்டுத் தண்ணியைத் தொட மாட்டாங்களாம் என்று சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, ரம்லாவே சொல்லிவிட்டாள் அல்லவா. மூன்றாவது வீட்டு ரசாக் அடுத்த மாதமே, நம்மைக் கேவலமாக நினைக்கிறவங்க மாத்திரை நமக்கு வேண்டாம் என்று அற்புதத்தை வாசலோடு அனுப்பிவிட்டார். அவர் மனைவி ரிஃபத்துக்குத்தான் பிரஷர். மாத்திரை நின்றது அவளுக்கு. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அற்புதம் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரின் காலை மடியில் வைத்துப் பார்ப்பார், விரல் இடுக்கைத் துடைத்துவிடுவார், மாத்திரையை எண்ணிக் கொடுப்பார். நான் டீ போடுவதை நிறுத்திவிட்டேன். மனதுக்குள் துஆ கேட்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. இரண்டும் எப்படி ஒரே மனதில் இருந்தது என்று எனக்கே புரியவில்லை.

போன ஏப்ரலில் ஒரு நாள், பதினோரு மணி வெயிலில், என் வீட்டு வாசலில் அவர் மயங்கி விழுந்தார். நானும் என் வீட்டுக்காரரும் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். உடம்பு அடுப்பாகக் கொதித்தது, ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்ததும் டம்ளரை உதட்டில் வைத்தேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாமுங்க்கா. இன்னும் இருவது ஊடு பாக்கோணுமுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்தது.

"உசுரு போற நேரத்துலயும் எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதுங்களா உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார். நாங்கள் கல்யாணம் செய்து முப்பது வருடத்தில் அவர் முறைத்தது அதுதான் இரண்டாவது தடவை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரை ஏறியிருக்கிறது, காய்ச்சல் அதனால்தான் என்றார். இது முதல் தடவையா என்று கேட்டதற்கு, இந்த வருடத்தில் நாலாவது என்று அற்புதம் மெதுவாகச் சொன்னார். காலையில் கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனீர்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டில், ஐந்தரை மணிக்கு என்றார். அப்புறம்? வீட்டுக்குத் திரும்பித்தான், மூன்று மணி ஆகிவிடும் என்றார். அது வரை தண்ணீர்?

"குடிச்சா வந்துருமுங்களே டாக்டர். தெருவுல எங்கீங்க போறது?"

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதரை மணி நேரம். என் வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும், அவர்கள் சர்ச்சுக்காரர் வீட்டிலும்கூட, அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. டீயை நீட்டின எங்களில் ஒருத்திக்கும் கக்கூஸைக் காட்டத் தோன்றவில்லை.

டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகள், ரோட்டில் டியூட்டி பார்க்கிற பெண் போலீஸ், எல்லாரும் இதே நோயோடு வருகிறார்கள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மருந்து நான் எழுதிருவேன்மா. கக்கூஸ எந்தச் சீட்டுல எழுதிக் குடுக்கறது?"

இனிமேல் பகலில் மணிக்கு ஒரு டம்ளராவது தண்ணீர் குடிக்க வேண்டும், முடியாது என்றால் இந்த வேலையை விட்டுவிட வேண்டும், அடுத்த தடவை கிட்னி தாங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவதா என்று அற்புதம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் சைமன் மகள் சாராவோடு வந்தார். நல்ல மனிதர். என் கையைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னார். கூடவே, சாராவுக்கு உங்கள் வீட்டுப் பெருநாள் பிரியாணி என்றால் உயிர், எப்போது வரும் என்று மாதத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று சிரித்தார். நாய்க்குப் போட்டிருப்பார் என்று சொன்ன வாய் இந்த வாய்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதேன்.

ஐந்து நாள் அற்புதத்தை அங்கே வைத்து, ஊசி மருந்து போட்டுக் குணமாக்கி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரின் காலைக் காப்பாற்றிய அதே இடம். அந்தக் கட்டிடத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் நின்று ஒரு சலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

அற்புதம் ஓய்வில் இருந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. முதலில் ரிஃபத் வீடு. அற்புதத்தைப் பற்றி நான் சொன்னது பொய், என் புத்தியில் முளைத்தது என்று ரசாக்கின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அதைக்கூடச் சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன் என்று நிதா சொல்கிறாள். அன்றே ரிஃபத்தை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், வேறென்ன சொல்ல.

அடுத்தது கக்கூஸ். எங்கள் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான், பூட்டிச் சாவியை முறை வைத்து வைத்துக்கொள்வோம். குழாயில் சிறுவாணித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிறது. ஒரு பக்கெட் யார் அதிகம் ஊற்றினார்கள் என்பதற்கே எங்களுக்குள் சண்டை நடக்கும். வெளியாளுக்கும் திறந்துவிட்டால் தண்ணீருக்கு எங்கே போவது என்று ரசாக் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அற்புதம் வரும் நாளில் நான் ஒரு வேளை துணி துவைக்க மாட்டேன், அந்தத் தண்ணீர் அவருக்கு என்றேன். ரிஃபத் உள்ளேயிருந்து, நானும் என்றாள். ரசாக் சரி என்று தலையாட்டினார். பின் தெருவில் பங்காரம்மா வீட்டில் தனிக் கக்கூஸ் இருக்கிறது. அவரிடம் கேட்கப் போனால், இதை ஏன் இத்தனை வருடம் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று என்னையே திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மே கடைசியில் அற்புதம் திரும்பி வந்தார். இளைத்திருந்தார், பை மட்டும் அதே கனம். தண்ணீர் பாட்டில் ஒன்று பையிலிருந்து எட்டிப் பார்த்தது, ஆனால் மூடி திறக்காமல் நிறைய இருந்தது. நான் ஏற்பாட்டைச் சொன்னேன், நீங்கள் வரும் நாளில் கக்கூஸ் சாவி என் வீட்டில்தான் இருக்கும் என்றேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார். உங்களுக்கே தண்ணீர் பத்தாது, எனக்காகச் சிரமம் வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன் என்றார். சமாளித்த லட்சணத்தைத்தான் ஆஸ்பத்திரியில் பார்த்தேனே என்று வாய் வரை வந்தது, விழுங்கினேன். அதை விடப் பெரியதொன்று சொல்ல வேண்டியிருந்தது.

"அற்புதம், உங்களப் பத்தி நான் தெருவுல என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"தெரியுமுங்க்கா. ரசாக் அண்ணன் அன்னிக்கே சொல்லிப்போட்டாருங்க."

ஐந்து மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து மாதமும் தவறாமல் வந்து, என் கண் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா எங்க ஊட்டுக்கு வந்தீங்க?"

அவர் ஏற்கெனவே கீழே உட்கார்ந்து என் வீட்டுக்காரரின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க கோவத்துக்கு அண்ணன் காலு என்னங்க்கா பண்ணும்?"

எப்போதும் பேசாத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பேசினார். அம்மணி, நீங்க நல்லா இருக்கோணும் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அற்புதம் மாத்திரையை எண்ணி வைத்தார், நோட்டில் எழுதினார், பையை மூடினார். எழுந்தவர் உடனே போகவில்லை. பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, நின்றபடியே பாதியைக் குடித்தார். பிறகு பையைக் கழற்றி என் வீட்டு மூலையில் வைத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்று, சன்னமாகக் கேட்டார்.

"அக்கா, அந்தச் சாவிய எடுத்துக் குடுக்கறீங்களா?"

என் வீட்டில் யாரும் எதையும் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.