நான்கு வாள்களுக்குக் கீழே

பிரியதர்ஷினி டாரட் சீட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டது பெங்களூரில். அங்கே ஒரு கம்பெனியில், போனில் வரும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலையில் இருந்தாள். அறைத்தோழியிடம் எழுபத்தெட்டுச் சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கட்டிலில் சீட்டுகளைப் பரப்பிவைத்து ஒவ்வொரு படத்துக்கும் என்ன பொருள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது பிரியதர்ஷினி பாலக்கோட்டுக்குத் திரும்பினாள். பஸ் ஏற்றிவிட வந்த தோழி அந்தக் கட்டை அவள் பையிலேயே போட்டுவிட்டாள்.

ஊரில் இருந்துகொண்டே போனில் சீட்டுப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர்ப் பெண்கள். பேசாமல் போனவன் மறுபடி பேசுவானா, வேலையை மாற்றலாமா என்பது போன்ற கேள்விகள். யாரையும் ஏமாற்றுவதாக அவள் நினைத்ததில்லை. அவள் படித்த இடத்திலெல்லாம் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குதிரைமேல் எலும்புக்கூடு வரும் மரணச் சீட்டு விழுந்தால் சாவு என்று அர்த்தமில்லை, பழையது ஒன்று முடிகிறது, அவ்வளவுதான். படத்தைப் பார்த்துப் பயந்தவருக்கு அதன் உட்பொருளை எடுத்துச் சொல்வதுதான் சீட்டுப் படிப்பவரின் வேலை. அதை அவள் நன்றாகவே செய்தாள். அழுதுகொண்டே போன் செய்தவர்கள் சிரித்துக்கொண்டு வைத்தார்கள்.

நேரில் வந்து கேட்ட முதல் ஆள் மாதம்மாள்தான். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பதை நெருங்கும் வயது. தக்காளி மண்டிக்கு வந்த இடத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு பெண் சீட்டுப் போட்டுப் பார்க்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாசி மாதம் பிறந்த வாரம் அது. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, கிளி இல்லையா என்று கேட்டாள். இல்லை, நீங்களே எடுக்கலாம் என்றாள் பிரியதர்ஷினி.

மாதம்மாளுக்கு ஒரே மகன், அருள்குமார். இருபத்துமூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். பொங்கல் முடிந்த ஐந்தாம் நாள், காட்டுவேலைக்கு வரவில்லை என்று அப்பா ராஜப்பன் திட்டப்போய், பேச்சு முற்றி, என் வீட்டு வாசலில் நிற்காதே என்று சொல்லிவிட்டார். பையன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பெங்களூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து போன் அணைந்து கிடந்தது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மாதம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எம்பையன் எங்க கண்ணு இருக்கான்?”

பிரியதர்ஷினி கட்டைக் கலைத்துப் பாயில் விரித்தாள். மாதம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். நான்கு வாள்கள். மேடைமேல் ஒரு வீரன் மல்லாந்து படுத்திருக்கிறான். இரண்டு கைகளையும் மார்பின்மேல் கூப்பியிருக்கிறான். சுவரில் மூன்று வாள்கள் அவனை நோக்கித் தொங்குகின்றன, நான்காவது அவனுக்கு அடியில் கிடக்கிறது.

மாதம்மாள் குனிந்து நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

“படுத்திருக்கானே. ஒடம்புக்கு முடியலையா அவனுக்கு?”

“இல்லைங்கக்கா. படத்த அப்படியே பாக்கக் கூடாதுங்க. இதுக்கு ஓய்வுன்னு அர்த்தம். மனசு நொந்து போனவரு யாரு கண்ணுலயும் படாம கொஞ்ச நாளு அமைதியா இருக்காருன்னு சொல்லுது. தெம்பானதும் எந்திரிச்சு வருவாரு.”

மாதம்மாளின் தோள் தளர்ந்தது. அந்தச் சீட்டை ஒருமுறை விரலால் தொட்டுவிட்டு எழுந்தாள். பிரியதர்ஷினி பணம் எதுவும் வாங்கவில்லை. மறுவாரம் ஒரு கூடைத் தக்காளி யார்மூலமோ வந்து சேர்ந்தது.

இருபது நாள் கழித்து மறுபடியும் வந்தாள். இந்த முறை ஆறு வாள்கள் வந்தன. ஒரு படகில் முக்காடு போட்ட பெண்ணும் குழந்தையும் குனிந்து உட்கார்ந்திருக்க, பின்னால் நின்று ஒருவன் கழி ஊன்றித் தள்ளுகிறான். படகின் இந்தப் பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, அந்தப் பக்கம் அடங்கிக் கிடக்கிறது. கஷ்டத்தைத் தாண்டி அமைதியான கரைக்குப் போகிறார் என்று பிரியதர்ஷினி சொன்னாள். சொன்னதை அவளே நம்பினாள். மாதம்மாள் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்துக்கூடப் பேசினாள். அவனுக்கு ராகிக் களி கிண்டி, கொள்ளும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்தால் மூன்று வேளையும் அதையே கேட்பான் என்றாள்.

மூன்றாம் தடவை வந்தது பங்குனிக் கடைசியில். வெயிலில் முகம் கறுத்திருந்தது. எடுத்த சீட்டு சூரியன். வெள்ளைக் குதிரைமேல் கைகளை விரித்துச் சிரிக்கும் குழந்தை, பின்னால் சூரியகாந்திப் பூக்கள். சீட்டுக்கட்டிலேயே இதைவிட நல்ல சீட்டு கிடையாது. பிரியதர்ஷினிக்கே சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரு மாதத்துக்குள் நல்ல சேதி வரும், வீடு நிறையும் என்று சொன்னாள்.

மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வூட்டுக்காரரு போலீசுல எழுதிக் குடுக்கலாம்னு மொதல்லயே சொன்னாரு கண்ணு. நாந்தான் தடுத்துப்புட்டேன். சீட்டுல இவ்ளோ நல்லா வருதே, போலீசுன்னு போனா பையன் பேரு கெட்டுப் போவும், கோவம் ஆறினா தானா வந்துருவான்னு சொல்லிட்டேன்.”

இரண்டு மாதமாக இந்த அம்மா புகார் கொடுத்துவிட்டு, தேட வேண்டிய இடமெல்லாம் தேடிவிட்டு, மனத் தெம்புக்காகத்தான் தன்னிடம் வந்துகொண்டிருக்கிறாள் என்று பிரியதர்ஷினி நினைத்திருந்தாள். ஒருதடவைகூடக் கேட்கவில்லை. சீட்டைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். சூரியன் வந்திருக்கும்போது எதற்கு என்று மாதம்மாள் கேட்டாள். பிரியதர்ஷினி விரித்திருந்த சீட்டுகளை அள்ளிக் கட்டிவைத்தாள்.

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். புகாரை எழுதியது பிரியதர்ஷினிதான். அடையாளம் என்ற இடத்தில், வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு என்று ராஜப்பன் சொன்னார். ஏழு வயதில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கை பட்டதாம்.

வைகாசியில் ஒரு மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ராஜப்பனின் போனுக்கு ஒரு படமும் ஒரு காகிதத்தின் நகலும் வந்தன. படத்தைப் பார்த்ததும் அவர் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காகிதம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்ததால் மாதம்மாள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் பாலக்கோட்டுக்கு வந்தாள். படத்தில் கை மட்டும்தான் இருந்தது. தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

பிரியதர்ஷினி படித்துச் சொன்னாள். பெயர் தெரியாத ஆண், வயது சுமார் இருபத்தைந்து. சாலையைக் கடக்கும்போது வண்டி மோதியது. பையும் போனும் கிடைக்கவில்லை. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு திரும்பவே இல்லை. மார்ச் பத்தாம் தேதி இறந்தான். தேடி யாரும் வராததால் சட்டப்படி காத்திருந்துவிட்டு அடக்கம் செய்துவிட்டார்கள்.

“நாப்பத்தேழு நாளுங்க” என்றாள். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாதம்மாள் அழவில்லை. தரையையே பார்த்தபடி தேதிகளைத் தமிழ் மாதத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

“மொத தடவ நான் இங்க வந்தப்ப அவன் உசுரோடதான் இருந்திருக்கான்.”

“ஆமாங்க.”

“ரெண்டாந்தடவ வந்தப்பவும்.”

“ஆமாங்கக்கா.”

“படுத்துதான் இருந்திருக்கான்.”

பிரியதர்ஷினிக்கு நான்கு வாள்கள் சீட்டு நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த உடனே இந்த அம்மாவுக்குத் தோன்றியது சரியாக இருந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், படுத்திருப்பவனைப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவளை விட்டிருந்தால் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடக் கிளம்பியிருப்பாள். இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது தான்தான்.

அடுத்த வாரம் மூவரும் பெங்களூர் போனார்கள். தான் வரலாமா என்று பிரியதர்ஷினி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். காகிதம் படிக்க ஆள் வேண்டுமே, வா என்று மாதம்மாள் சொல்லிவிட்டாள். கன்னடம் பேச அவளுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் ராஜப்பன் போட்டார். பிறகு மாதம்மாள், அவன் கிடந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். அந்தக் கட்டிலில் வேறொரு ஆள் இருந்தார். வார்டு வேலைக்கிருந்த ஜயம்மா என்ற பெண்ணுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. பெயர் தெரியாததால் எல்லாரும் ‘தம்மா’ என்று கூப்பிட்டார்களாம், தம்பி என்று அர்த்தம். மாதம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். கண் திறந்தானா? வலி இருந்ததா? என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?

கண் திறக்கவில்லை, ஆனால் விரலை உள்ளங்கையில் வைத்தால் சில நாள் லேசாகப் பிடித்துக்கொள்வான் என்று ஜயம்மா சொன்னாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. அதில் ராகிக் கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து வடிகட்டி ஊற்றுவார்கள்.

“ராகியா?” என்று மாதம்மாள் கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜயம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ராஜப்பன் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

அடக்கம் செய்த இடம் நகரத்துக்கு வெளியே இருந்தது. மண்மேட்டில் எண் எழுதிய ஒரு கல் மட்டும் நட்டிருந்தார்கள். தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோக மனு கொடுக்கலாம் என்று கூட வந்த போலீஸ்காரர் சொன்னார். ராஜப்பன் வேண்டாம் என்றார். நாற்பத்தேழு நாள் படுத்தே கிடந்தவனை இனி எழுப்ப வேண்டாம் என்றார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். உச்சி வெயிலில் சுடுமண்ணில் வெறுங்காலோடு அந்தக் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும்போது அவர் டீ வாங்கப் போன நேரத்தில், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பிரியதர்ஷினி சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க கேட்டீங்கக்கா. ஒடம்புக்கு முடியலையான்னு. நாந்தான் இல்லன்னேன்.”

ஒரு பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதை மாதம்மாள் பார்த்தாள்.

“இல்லன்னு ஒரு வாயி சொல்லாதான்னுதான் நான் வந்தேன் கண்ணு. நீ வேற மாரி சொல்லியிருந்தா, நல்லதாச் சொல்றவங்ககிட்ட எந்திரிச்சுப் போயிருப்பேனோ என்னமோ.” அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “ஆனா ஒன்னு. புள்ளையக் காணோம்னு இனி யாரு வந்தாலும் சீட்டத் தொடாத. மொத பஸ்ஸப் புடிச்சுத் தேடிட்டுப் போன்னு சொல்லி அனுப்பு.”

அது மன்னிப்பா இல்லையா என்று பிரியதர்ஷினிக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. ஊருக்கு வந்தபின் போனில் கேட்டவர்களுக்கெல்லாம் இப்போது பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை இருப்பதாகத் தெரிந்து எழுதிப் போட்டாள்.

கருமாதிக்கு மாதம்மாளே ஆள் அனுப்பி வரச்சொன்னாள். வீட்டுமுன் பந்தல் போட்டிருந்தது. டிப்ளமோ படிக்கும்போது எடுத்த படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அருள்குமாரின் முகத்தைப் பிரியதர்ஷினி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அவன் முகம் தெரியாமலேயே அவனைப் பற்றிப் பேசியிருக்கிறாள். சிரிக்க வேண்டாம் என்று படம் எடுத்தவர் சொல்லியிருப்பார் போல, உதட்டை இறுக்கி வைத்திருந்தான். காதுகள் அம்மாவுடையவை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, இது யாரு என்று கேட்டாள். பிரியதர்ஷினிக்கு முகம் சுருங்கிவிட்டது. சொல்லவேண்டியதை மாதம்மாள் இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள், சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாலக்கோட்டுப் பொண்ணு. எங்ககூட பெங்களூரு வந்துச்சு” என்றாள் மாதம்மாள்.

பந்தியில் உட்காரவைத்து இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்தாளே ஒழிய ஒரு வாய்கூட இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து போனார்கள். மாதம்மாள் ரசப் பாத்திரத்தோடு வந்து எதிரே நின்றாள். பதினாறு நாளில் ஆள் பாதியாகியிருந்தாள்.

“சாப்புடு” என்றாள்.

பிரியதர்ஷினி நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கவளம் எடுத்தாள். மாதம்மாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இலை காலியாகும்வரை நின்றிருந்துவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனாள்.